மன்னியின் குரல்

அன்றைக்கு ஏகாதசி. அரவிந்தவல்லி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் விடவில்லை. அது விரதமா, கோபமா என்று வீட்டில் யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"எவனோ ஒருத்தன் கீழே ஏசி ரூம்ல சௌக்கியமா உக்காந்துண்டு, மேலே உசிரைக் குடுத்துப் பறக்கற குழந்தை தலைல கல்லைத் தூக்கிப் போட்டுட்டான்" என்றாள், அடுப்பு மேடையைத் துடைத்தபடி. "அவன் நன்னா இருக்கட்டும்."

மற்றவர்களுடைய உப்புமாவுக்காக இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் மைத்ரேயியின் கை நின்றது.

அந்த 'எவனோ ஒருத்தன்' அவள்தான்.

லீவில் வந்து ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கும்போதே, முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்தவள் அவள். வாசலில் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா, இனிமே எனக்குக் கவலையில்லை. நீ பாத்துப்பே" என்று சொன்னதும் தீர்மானம் தொண்டையோடு நின்றுபோயிற்று. அப்புறம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் மூன்றாவது நாளும் விடிந்துவிட்டது.

மைத்ரேயி விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர். விமானம் ஓட்டுகிறவள் இல்லை. ஓட்டுகிறவர்களுக்குத் தரையிலிருந்து வழி சொல்கிற கன்ட்ரோலர். எல்லைக்குள் ஊர்பேர் தெரியாத விமானம் ஒன்று நுழைந்துவிட்டால், அதை மறிக்கக் கிளம்பும் விமானிக்கு முதலில் வெறும் ஆகாயம்தான் தெரியும். ரேடார் திரைக்கு முன்னால் இருக்கும் கன்ட்ரோலரின் குரல்தான் அவனுக்குக் கண். எந்தத் திசை, எவ்வளவு உயரம், இன்னும் எத்தனை தூரம் என்று அந்தக் குரல் சொல்லச் சொல்ல அவன் போக வேண்டும். மேற்கே பாலைவனத்தை ஒட்டிய ஒரு தளத்தில், இளம் விமானிகளுக்கு இதைப் பழக்கும் பிரிவில் அவளுக்கு உத்தியோகம். கணவன் ரகுநந்தனுக்குத் திருச்சியில் பாங்க் வேலை. அம்மாமண்டபம் ரோடு ஃப்ளாட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிறான்.

ரகுவின் தம்பி ஜனார்தன் போர் விமானியாகி அதே தளத்துக்குப் பயிற்சிக்கு வந்தபோது, குடும்பமே பெருமாளுக்கு நன்றி சொல்லிற்று. மன்னி பக்கத்திலேயே இருக்கிறாள், இனி என்ன குறை?

இப்போது ஜனார்தனைப் போர் விமானப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாமான் ஏற்றிப்போகும் பெரிய விமானங்களுக்கு மாற்றி உத்தரவு வந்திருக்கிறது. 'ஒரு சின்னத் தகராறு' என்பதற்கு மேல் அவன் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. வந்ததிலிருந்து அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தான்.

"எல்லாரும் கிளம்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டு மாமனார் அழகியமணவாளன் வந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் மேலே ஒரு ஆபீசர் இருப்பார், அவரைப் பார்த்துப் பேசினால் தீராதது இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. "கே.கே. நகர்ல விங் கமாண்டர் பீமராவ்னு ஒருத்தர். ரிட்டயர் ஆனவர். அப்பீல் எப்படிப் போடறதுன்னு சொல்றேன், பிள்ளையை அழைச்சுண்டு வாங்கோன்னார். மைத்ரேயி, நீயும் வாம்மா. அந்த பாஷை உனக்குத்தான் புரியும்."

மைத்ரேயி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். அறை வாசலில் ஜனார்தன் நின்றிருந்தான். ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடக் குனிந்துகொண்டான்.

காவிரிப் பாலத்தில் வாடகைக் கார் ஊர்ந்தது.

பீமராவ் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். ஒடிசலான மனிதர். காபி வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. அப்பாவுக்கும் புரியறாப்பல சொல்லுங்க."

ஜனார்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இடைமறிக்கிற பயிற்சி சார். ஒரு ப்ளேன் எதிரி மாதிரி வரும். நான் மறிக்கணும். அன்னிக்கு எனக்கு டெஸ்ட். புழுதி நிறைய இருந்தது. கன்ட்ரோலர் சொன்ன வழில போனேன், ரொம்பக் கிட்டப் போனப்புறம்தான் ப்ளேன் கண்ணுக்குத் தெரிஞ்சுது. துரத்தினேன். கொஞ்சம் கூடக் கிட்டப் போயிட்டேன்."

"கொஞ்சமா?"

பீமராவ் அழகியமணவாளன் பக்கம் திரும்பினார். "இதுல ஒரு கட்டுப்பாடு இருக்குங்க. பயிற்சில ரெண்டு விமானமும் ஒரு தூரத்துக்கு மேல நெருங்கக் கூடாது. நெருங்கினா யாரு வேணா 'டெர்மினேட்'னு சொல்லலாம். அந்த வார்த்தை காதுல விழுந்தா அவ்வளவுதான், எல்லாத்தையும் விட்டுட்டு விலகிடணும். ஜெயிக்கற நிலைமைல இருந்தாலும் சரி." அவர் பார்வை மறுபடி ஜனார்தன் மேல் வந்தது. "டெர்மினேட் சொன்னாங்களா?"

"சொன்னதா சொல்றா சார். எனக்குச் சரியாக் கேக்கலை. ரேடியோல இரைச்சல்."

"யாரு கன்ட்ரோலர்?"

"தெரியலை சார். யாரோ புதுசு."

சொல்லிவிட்டு அவன் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டான். மைத்ரேயிக்கு அவன் தன்னைக் காப்பாற்றுகிறான் என்பது புரிந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள்தான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கிளாஸைக் கட் அடித்துவிட்டு வந்தபோதெல்லாம் மாமனாரிடம் சாக்குச் சொன்னதும், ஸ்கூட்டரை இடித்துக்கொண்டு வந்தபோது ரகுவுக்குத் தெரியாமல் பழுது பார்த்துக் கொடுத்ததும் அவள்தான். இப்போது அவன் முறை என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"நான்தான் சார் கன்ட்ரோலர்" என்றாள்.

அழகியமணவாளன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"இவர் என் ஹஸ்பெண்டோட தம்பின்னு நான் முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தேன் சார். இவரோட டெஸ்டுக்கெல்லாம் வேற ஆள்தான் உக்காருவாங்க. அன்னிக்கு அவருக்குத் திடீர்னு காய்ச்சல். மேலதிகாரிகிட்டக் கேட்டேன். மார்க் போடறது நீங்க இல்லையே, உக்காருங்கன்னார்."

"டெர்மினேட் சொன்னது நீங்க?"

"ஆமா சார். திரும்பத் திரும்பச் சொன்னேன். இன்னொரு விமானம் விலகிடுச்சு. இவர் விலகலை. அது விலகின பக்கமே திரும்பினார். என் திரைல ரெண்டு புள்ளியும் ஒண்ணாயிடுச்சு. எது யாருன்னு தெரியலை. ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். பதில் வர்ற வரைக்கும்..."

பீமராவ் தலையை அசைத்தார். அவருக்கு அந்த மௌனம் தெரிந்ததுதான் போலிருந்தது.

"விசாரணைல உங்களை என்ன கேட்டாங்க?"

மைத்ரேயி இதற்குத்தான் பயந்தாள். அன்று கன்ட்ரோலர் அவள்தான் என்று ஜனார்தனுக்கு முன்னமே தெரியும். இது அவனுக்கும் தெரியாது.

"நாளைக்கே இவரை மறுபடி உங்க திரைல விட்டா கன்ட்ரோல் பண்ணுவீங்களான்னு கேட்டாங்க. உறவை மறந்துட்டுச் சொல்லுங்கன்னாங்க. மாட்டேன்னு சொன்னேன் சார்."

டம்ளர் மேஜைமேல் சத்தத்தோடு உட்கார்ந்தது. ஜனார்தன் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

"அப்பீல் போடலாங்க" என்றார் பீமராவ், அழகியமணவாளனிடம். "ஆனா அதுல முதல்ல இவங்களைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. இவங்க சொன்னதை மாத்திச் சொன்னா உண்டு. இல்லைன்னா இல்லை."

வெளியே வந்தார்கள். தெருவில் ஜனார்தன் இல்லை.

"அப்பா, நீங்க கார்ல ஆத்துக்குப் போங்கோ. நான் அவனைப் பாத்து அழைச்சுண்டு வரேன்."

அழகியமணவாளன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "உன் மாமியார்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். "நீயே சொல்லிடு."

ஜனார்தன் எங்கே போயிருப்பான் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆட்டோவில் ஏறி ஏர்போர்ட் பக்கம் விடச் சொன்னாள். புதுக்கோட்டை ரோட்டில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு டீக்கடை. இறங்கும் விமானங்கள் அங்கே தலைக்கு மேலேயே போகும். பள்ளிக்கூட நாட்களில் அவனும் அவன் சிநேகிதன் வசீமும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் பாலக்கரையிலிருந்தும் சைக்கிள் மிதித்து வந்து உட்கார்ந்திருந்த இடம் அது. சேர்ந்தே பரீட்சை எழுதினார்கள், சேர்ந்தே விமானப்படைக்குப் போனார்கள்.

நினைத்தது சரியாக இருந்தது. பெஞ்சில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட முன்னாடி சொல்லியிருக்கலாமே மன்னி" என்றான், திரும்பாமல்.

"சொல்லியிருக்கணும். பயமா இருந்தது."

"யாரோ பெரியவா சேர்ந்து முடிவு பண்ணினான்னு நினைச்சுண்டிருந்தேன். நீங்க சொன்ன ஒரு வார்த்தைலதான் போச்சா?"

"அதுவும் ஒரு காரணம். ஒரே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் சொன்னேன், ஜனா. இல்லைன்னு சொல்ல முடியாது."

டீக்கடைக்காரர் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். சாலையில் புதுக்கோட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"வேற ஒருத்தனா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேளா?"

"அதையேதான் நானும் ராத்திரி பகலா கேட்டுண்டிருக்கேன். வேற ஒருத்தனா இருந்தா யோசிச்சிருக்கவே மாட்டேன், உடனே சொல்லியிருப்பேன். நீயா இருந்ததால ஒரு நிமிஷம் வாயடைச்சுப் போய் உக்காந்திருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு."

ஜனார்தன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கேட்டுது மன்னி."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"இரைச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை. தெளிவாக் கேட்டுது. உங்க குரல்னு தெரிஞ்சுது. அதனாலதான்... வேற யாராவது சொல்லியிருந்தா கை தானா விலகியிருக்கும். நீங்க சொன்னவுடனே, மன்னிதானே, இன்னும் ஒரு செகண்ட் பொறுத்துப்பான்னு தோணித்து. ஆத்துல பொறுத்துப்பேளே, அந்த மாதிரி. அந்த ஒரு செகண்ட்ல வசீமோட ப்ளேன் என் கண்ணாடி முழுக்க நிறைஞ்சுடுத்து."

அந்த வார்த்தை அவன் காதில் விழவில்லை என்றுதான் மைத்ரேயி இத்தனை நாள் நினைத்திருந்தாள். கேட்டிருக்கிறான். கேட்டதனால்தான் விலகவில்லை. வீட்டில் அவனுக்காகச் சொன்ன அத்தனை சாக்குகளும், மறைத்த அத்தனை தப்புகளும் அந்தக் குரலோடு சேர்ந்து மேலே போயிருக்கின்றன. திரையில் ஒன்றாகிப் போன இரண்டு புள்ளிகளில் தன் பங்கும் இருந்தது என்று அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"இதை விசாரணைல சொன்னியா?"

"இல்லை. இரைச்சல்னுதான் சொன்னேன்."

"இனிமே?"

"தெரியலை மன்னி." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணு. இன்னொரு ப்ளேன்ல இருந்தது வசீம்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவ தாங்க மாட்டா."

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மைத்ரேயி.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. துறையூர் கிளைக்கு ஆடிட்டுக்குப் போயிருந்த ரகு ஃபோன் பண்ணினான். அப்பா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, மைத்ரி" என்று மட்டும் கேட்டான். குரலில் குற்றச்சாட்டைவிட வருத்தம்தான் அதிகம். "நான் வரவரைக்கும் அம்மாகிட்டப் பேச்சை எடுக்காதே."

ஆனால் அரவிந்தவல்லி ஹாலில் காத்திருந்தாள்.

"என்ன சொன்னார் அந்த ஆபீசர்? இவர் வாயைத் திறக்க மாட்டேங்கறார்."

மைத்ரேயி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். கீழே ஏசி ரூமில் இருந்தது தான்தான் என்றாள். கேள்வி கேட்டார்கள், மாட்டேன் என்று பதில் சொன்னேன் என்றாள்.

அரவிந்தவல்லியின் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் வடிந்துபோயிற்று. கூச்சல் போடவில்லை.

"கார்த்தால நான் அப்படிச் சொன்னேனே. பக்கத்துலதானே நின்னுண்டிருந்தே?"

"ஆமாம்மா."

"கேட்டுண்டே இஞ்சி நறுக்கினியே!"

மைத்ரேயி தலைகுனிந்தாள்.

"சரி, போனது போகட்டும்." அரவிந்தவல்லி முன்னால் நகர்ந்து அவள் கையைப் பிடித்தாள். பட்டினி கிடந்த கை ஜில்லென்று இருந்தது. "நீ ஒரு வரி எழுதிக் குடுத்துடு. அன்னிக்குப் பதட்டத்துல சொல்லிட்டேன், இப்ப யோசிச்சுப் பாத்தா அப்படி இல்லைன்னு. ஒரே ஒரு வரி. நம்மாத்துக் குழந்தைக்காக இது பண்ணக் கூடாதா? அப்படி என்ன பெரிய ஆபத்து வந்துடுத்து? ரெண்டு பேரும் பத்திரமாத்தானே இறங்கினா?"

"அம்மா, அது என்னால முடியாதும்மா."

"ஏன் முடியாது? காரணம் சொல்லு. எனக்குப் புரியற மாதிரி ஒரு காரணம் சொல்லு."

காரணம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு பெயர், அவ்வளவுதான். அதைச் சொன்னால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு, மாமியாரின் பிடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயைத் திறக்கறியா பாரு! அந்நியம்தானே? எத்தனை வருஷமானாலும் அந்நியம்தானே?"

"அம்மா, மன்னியை விடு."

ஜனார்தன் அறையிலிருந்து வந்து நின்றான்.

"இன்னொரு ப்ளேன்ல யார் இருந்தான்னு கேளு."

"யாரா இருந்தா என்ன?"

"வசீம்மா."

அழகியமணவாளன் பேப்பரைக் கீழே வைத்தார்.

"நம்ம வசீமா?" என்றாள் அரவிந்தவல்லி.

"நம்ம வசீம்தான். மன்னி விலகச் சொன்னா. எனக்குக் கேட்டுது. கேட்டும் விலகலை. அவன் கடைசி நிமிஷத்துல தலைகீழாப் புரட்டிண்டு கீழே போனதால ரெண்டு பேரும் இருக்கோம். அவன் பயப்பட்டுக் கொஞ்சம் தயங்கியிருந்தான்னா, இன்னிக்கு நீயும் அவன் அம்மா ரோஷன் பேகமும் ஒரே நாள்ல..."

"போறும்" என்றாள் அரவிந்தவல்லி. "போறும், நிறுத்து."

மைத்ரேயியின் கையை விட்டாள். தன் மடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கண் முன்னால் எது ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வசீம், ஸ்கூல் விட்டு வந்ததும் இதே ஹாலில் ஜனார்தனோடு உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டவன். ஜனார்தனுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தவன்.

"ரோஷனுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. அவனும் சொல்லலை."

"நீ அவனோட பேசினியா?"

"அன்னிலேர்ந்து ஃபோனை எடுக்க மாட்டேங்கறான். லீவுல இங்கதான் இருக்கான், பாலக்கரைல." ஜனார்தன் மன்னியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். "நேத்திக்குத்தான் எங்க பேட்ச் பையன் ஒருத்தன் சொன்னான். வசீம் இனிமே பறக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டானாம். மேலதிகாரி அதுல கையெழுத்துப் போட்டு ஏத்துக்க இன்னும் சில நாள்தான் இருக்காம்."

மைத்ரேயி நிமிர்ந்தாள். இது அவளுக்குப் புதிய செய்தி. அந்தப் பிரிவில் வந்தவர்களிலேயே நிதானமானவன் வசீம். விலகு என்றதும் விலகியவன். அவனைப் பற்றி யாரும் அவளிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. இறங்கினான், சரியாகத்தான் இருக்கிறான் என்று விட்டுவிட்டாள்.

அரவிந்தவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் லேசாகத் தள்ளாடியது. மைத்ரேயி தாங்க வந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"நீ ஒரு வரியும் எழுத வேண்டாம்" என்றாள் அவளிடம். "ஆனா மூணு நாளா எங்கிட்ட மறைச்சியே, அது எனக்கு ஆறலை. அதை அப்புறம் பேசிக்கறேன்."

"சரிம்மா."

"ஜனா, முகத்தை அலம்பிண்டு வேற சட்டை போட்டுண்டு வா."

"எதுக்கும்மா?"

"பாலக்கரைக்குப் போகணும். ஃபோனை எடுக்கலைன்னா கதவைத் தட்டினாத் திறந்துதானே ஆகணும்?"

"இப்பவா? நீ கார்த்தாலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே!" என்றார் அழகியமணவாளன்.

"ஒரு நாள் சாப்பிடலைன்னா யாரும் போயிட மாட்டா." அரவிந்தவல்லி புடவை மடிப்பை உதறிச் சரிசெய்துகொண்டாள். "ரோஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. அவ காதுக்கு வேற யாராவது கொண்டுபோறதுக்கு முன்னாடி நான் போய் நிக்கணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், கதவைப் பிடித்தபடி நின்றாள். மைத்ரேயியின் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"ஆட்டோக்காரனைக் கூப்பிடு. மூணு பேர்னு சொல்லு."